பல் தெரிகிற படம்

தம்பி, அப்பா எழுதுகிறேன். நீ போய்ப் பதினாறு நாளாகிறது. காலை ஆறே முக்காலுக்குக் குளியலறைக் கதவைத் தட்டிக் கத்துவதற்கு ஆளில்லாமல், நான் இப்போது வேலைக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே போய்ச் சேர்கிறேன். எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு விஷயத்தை உன்னிடமும் அம்மாவிடமும் பதினைந்து வருடமாக மறைத்து வைத்திருந்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உனக்கு மட்டும் போனில் அனுப்பியிருக்கலாம். ஆனால் நீ சனிக்கிழமை தோறும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போன அந்தத் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு மலருக்கு, பிள்ளைகளை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பிய பெற்றோர் ஆளுக்கொரு கடிதம் எழுத வேண்டும் என்று கேட்டார்கள். அம்மா அவர்களிடம் ஓம் என்று சொல்லிவிட்டு வந்து, "நீங்களே எழுதுங்கோ. வாயால கதைக்கத்தான் உங்களுக்கு வராதே" என்று பேனையை என் முன்னால் வைத்தாள். மற்றத் தகப்பன்மாரும் வாசிக்கட்டும். இதே பிழையை விட்டவர்கள் அவர்களிலும் இருப்பார்கள். நீ எழுத்துக் கூட்டி மெதுவாக வாசி. எனக்குத்தான் அவசரம், உனக்கு இல்லை.

இப்படிக் கடிதம் எழுதும் அப்பாமார் வழக்கமாக நரைத்தவர்கள். எனக்கு முப்பத்தொன்பது வயது. உன் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் கணித ஆசிரியை என்னிடமே "அப்பா வரவில்லையா" என்று கேட்டதை நீ ஒரு மாதம் சொல்லிச் சொல்லிப் பகிடி பண்ணினாய். உன் வயதில் நான் கல்யாணம் முடித்தவன். அடுத்த வருடம், ஆறு மாதக் கர்ப்பிணியான உன் அம்மாவை யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு இங்கே வந்தவன். அதனால் என்னிடம் பழுத்த அறிவுரை எதையும் எதிர்பார்க்காதே. நான் லிப்ட் திருத்துகிறவன். ஒரு லிப்ட் நின்றால் ஏன் நின்றது என்று கண்டுபிடிப்பேன், திருத்துவேன், இயந்திர அறையில் தொங்கும் பதிவுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். என் கையால் வந்த பழுது என்றாலும் எழுதத்தான் வேண்டும். எழுதாமல் போனால் அடுத்தவன் ஒன்றும் தெரியாமல் அதற்குள் ஏறுவான். இத்தனை வருடத்தில் நான் எழுதாமல் விட்ட பழுது ஒன்றே ஒன்று. அது உன் முகத்தில் இருக்கிறது.

நீ ஏன் பல் வைத்தியம் படிக்கப் போனாய் என்று எல்லாரும் கேட்கிறார்கள். நீ விண்ணப்பத்தில் ஏதோ பெரிதாக எழுதினாய். நான் அதை நம்பவில்லை. உனக்கு ஒன்பது வயதில் அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டி வந்தது. எனக்கு ஷிப்ட். நீதான் மொழிபெயர்க்கப் போனாய். டொக்டர் சொன்னது இரண்டே வசனம். நீ அம்மாவுக்குச் சொன்னது பத்து வசனம். "கொஞ்சம்தான் நோகுமாம். இவர் நல்லவராம். பயந்தா கையைத் தூக்கச் சொல்றார், உடனே நிப்பாட்டுவாராம்." அம்மா வீட்டுக்கு வந்து அந்த டொக்டரைக் கடவுள் போலப் புகழ்ந்தாள். பிறகுதான் அவர் அதில் பாதியைச் சொல்லவேயில்லை என்று தெரிந்தது. நீயாகச் சேர்த்துச் சொல்லியிருக்கிறாய். பயந்த மனிதருக்கு என்ன சொல்ல வேண்டும் என்று உனக்கு ஒன்பது வயதிலேயே தெரிந்திருந்தது. இருபத்து மூன்று வயதில் எனக்குத் தெரியவில்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

போன வருடம் இந்த நாட்டில் நாலு இடத்துக்கு விண்ணப்பித்தாய், நாலும் இல்லை என்று வந்தது. நீ அறைக் கதவைப் பூட்டிக்கொண்டாய். நான் வெளியே நின்று, "மார்க்ஸ் காணாது, அவ்வளவுதான், அடுத்த வேலையைப் பார்" என்றேன். அது உண்மைதான், ஆனால் அந்த நேரத்தில் சொல்லத் தேவையில்லாத உண்மை. பிறகு பல்கேரியாவில் ஆங்கிலத்தில் படிப்பிக்கும் பல்கலைக்கழகத்தைக் கண்டுபிடித்தாய். விண்ணப்பம் மூடத் திங்கட்கிழமை மதியம் கடைசி நேரம். சனிக்கிழமை காலை லாப்டொப்பைத் தூக்கிக்கொண்டு, அம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினிக்கு வந்தாய். எல்லாம் முடிந்துவிட்டது, ஒரு படம் மட்டும்தான் மிச்சம் என்றாய். தோள் வரைக்கும் தெரிய வேண்டும், தொழில்முறையாக எடுத்திருக்க வேண்டும், முகம் இயல்பாக இருக்க வேண்டும். கீழே தடித்த எழுத்தில், பாஸ்போட் படம் ஏற்கப்படாது என்று போட்டிருந்தது. அதை வாசித்தபோது என்னை யாரோ அவமதித்தது போல இருந்தது. பாஸ்போட் படம் எடுப்பதில், நாங்கள் இருக்கும் இந்தச் சட்டன் ஊரில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தவன். உனக்கும் அம்மாவுக்கும் எனக்குமாக, வதிவிட அட்டைக்கும் குடியுரிமைக்கும் பாஸ்போட்டுக்கும் எத்தனை படம் எடுத்திருப்பேன். ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

"ஸ்டூடியோ எல்லாம் தேவையில்லை. நான் எடுக்கிறன்" என்றேன். சோபாவை இழுத்தேன். வேலைக்குக் கொண்டுபோகும் லேசர் மட்டத்தை வைத்துக் கமராவை நேராக்கினேன். இரண்டு பக்கமும் இரண்டு விளக்கு, வெளிச்சத்தை மெதுவாக்க முன்னால் அம்மாவின் கேக் தாள். நீ சுவருக்கு முன்னால் நின்றாய். நான் "படம்!" என்றேன். அவ்வளவுதான். உன் வாய் தானாக மூடியது, தோள் இறுகியது, கண் ஒரு புள்ளியில் போய் நின்றது. நாற்பத்து மூன்று படம் எடுத்தேன். தொழில்நுட்பப்படி ஒன்றிலும் பிழையில்லை. நீ எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, சீரியஸ்லி, என்னை டிபோர்ட் பண்ணப் போறாங்கள் மாதிரி இருக்கு" என்றாய்.

"அந்தச் சொல்லை இந்த வீட்டுக்குள்ள கொண்டுவராதை!"

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. நீ திகைத்துப்போய் நின்றாய். "சொரி. ஜோக்தானே அப்பா" என்றாய். அம்மா குசினியிலிருந்து வந்து போனை வாங்கிப் பார்த்தாள். "பெடியன் பகிடிதானே விட்டவன். அதுக்கேன் இப்பிடிக் கத்துறியள்? அவன் சொன்னது சரிதான். செத்தவீட்டு நோட்டீசுக்குக்கூட இதை விட வடிவாப் படம் போடுவினம்." நாடு கடத்துவது என்பது உனக்கு ஒரு வெறும் சொல். நான் மூன்று வருடத்துக்கு மேலாக ஒவ்வொரு நாளும் அந்தச் சொல்லோடு கண் விழித்தவன். தபால்காரன் கதவுத் துளைக்குள் கடிதம் போடும் சத்தம் கேட்டாலே எழும்பி ஓடிப்போய் உறையைப் பார்ப்பேன். உனக்கு அது தெரியாது, ஏனென்றால் நான் சொல்லவில்லை. நான் சொல்லாமல் விட்டதற்காக உன்னில் கோபப்பட்டேன். இது எப்படிப்பட்ட நியாயம் என்று என்னைக் கேட்காதே.

ஞாயிற்றுக்கிழமை உன் நண்பன் சொன்ன ஸ்டூடியோவுக்குப் போனோம். சட்டனிலிருந்து வெம்பிளி வரைக்கும் ரயில் மாறி மாறி, நீ காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, நான் ஒவ்வொரு தாமதத்துக்கும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. சேலைக்கடைக்கு மேல்மாடி. படம் எடுக்கும் அக்கா மலேசியாக்காரி, ஈப்போவிலிருந்து கணக்கியல் படிக்க வந்து கல்யாண வீடுகளில் படம் எடுக்கப் போனவர். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உன்னிடம் கேட்டார்.

"இவரு யாரு, அண்ணனா?"

"அப்பா" என்றேன்.

"ஐயோ சாமி. நீங்க எப்ப பொறந்தீங்க, இவரு எப்ப பொறந்தாரு?"

நீ சிரித்தாய். ஆனால் அவர் கமராவைத் தூக்கியதும் அந்தச் சிரிப்பு விளக்கு அணைந்தது போலப் போய்விட்டது. அவர் என்னென்னவோ செய்து பார்த்தார். தலையைச் சாய்க்கச் சொன்னார், நடந்து வரச் சொன்னார், கதிரையில் திருப்பி இருத்தினார். கமரா உயரும்போதெல்லாம் நீ சுவரில் அறைந்த ஆணி போலாகிவிட்டாய். எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, இடது பக்க லைட் கூடிப்போச்சு, அதுதான்" என்றேன்.

"நீங்க என்னா வேலை செய்றீங்க?"

"லிப்ட் திருத்துறன்."

"நான் உங்க லிப்டுக்குள்ள வந்து எந்த பட்டன அமுக்கணும்னு சொல்றேனா? கொஞ்சம் வெளிய படியில போய் உட்காருங்க. நீங்க இங்க நிக்கிற வரைக்கும் தம்பி இமிகிரேஷன் கவுண்டர்ல நிக்கிற மாதிரியேதான் நிப்பாரு. யாரு இவர இப்படி பழக்குனது?"

நான் வெளியே போனேன். கதவு சாத்தப்பட்டது. மேல்படியில், சுருட்டி வைத்த பின்திரைகளுக்குப் பக்கத்தில் இருந்தேன். கீழே கடையில் யாரோ பட்டுச் சேலைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு உள்ளே அந்த அக்கா கேட்டது என் காதில் விழுந்தது: "வீட்ல போட்டோ எடுக்கறப்ப அப்பா என்னா சொல்வாரு? சும்மா செஞ்சு காட்டுங்க." நீ தொண்டையைச் செருமினாய். பிறகு என் குரல் கதவுக்குள்ளிருந்து வந்தது. "நாடியை ரெண்டு மில்லிமீட்டர் இறக்கு! மூச்சு விடாதை! கண்ணை வெட்டாதை! எங்கை பாக்கிறாய்? நான் என்ன அங்கையோ நிக்கிறன்?" அச்சொட்டாக நான்தான். என் இருமல்கூட இருந்தது. அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு முதலில் காது சூடானது. எழுந்து கதவைத் திறக்கப் போனேன். அப்போது நீயும் சிரிக்கத் தொடங்கினாய்.

நீ சிரிக்காத பிள்ளை இல்லை, தம்பி. அறைக்குள் நண்பர்களோடு போனில் சிரிப்பாய். நான் கதவைத் திறந்தால் நின்றுவிடும். கதவு திறக்காமல், தொடங்கி, மூச்சு வாங்கி, திரும்பவும் எழும்பி, முடியும் வரைக்கும் உன் சிரிப்பை நான் முழுவதாகக் கேட்டது அந்தப் படியில்தான். கைப்பிடியில் வைத்த கையை எடுத்துவிட்டேன். கதவைத் திறந்தால் நிற்கும் என்று தெரியும். வெளியே நின்றுகொண்டு, உள்ளே வர முடியாத ஒரு மனிதனாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ இருக்கும்போதே எனக்கு உன்மேல் ஏக்கம் வந்தது அன்றைக்குத்தான். அந்தச் சிரிப்பை நான் பதினைந்து வருடமாகப் பார்த்து வந்திருக்கிறேன். சத்தம் மட்டும்தான் எனக்குப் புதிது.

எப்படி என்று சொல்கிறேன். இதுதான் நான் எழுதாமல் விட்டது. என் அகதி மனுவுக்குப் பதிலாக, இங்கே இருக்கலாம் என்று கடிதம் வந்தபோது உனக்கு மூன்று வயது முடிந்திருந்தது. நான் உன்னைத் தொட்டதில்லை. வால்தம்ஸ்டோவில் ஆறு பேர் ஒரு வீட்டில் இருந்தோம். அன்றைக்கே உங்கள் இரண்டு பேரையும் கூப்பிடுவதற்கான படிவத்தை எடுத்துவிட்டேன். அம்மாவிடம் படம் அனுப்பச் சொன்னேன். அவள் உன்னை யாழ்ப்பாணம் டவுனில் ஒரு ஸ்டூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே படம் எடுத்தவர் சாவிகள் கோர்த்த திறப்புக் கோர்வையைக் காதில் தொங்கவிட்டு ஆட்டிக் காட்டினாராம். தபாலில் படம் வந்தது. மூன்று வயதுப் பிள்ளை, அரிசிப் பல்லெல்லாம் தெரிய வாயைத் திறந்து சிரிக்கிறது. சிரிப்பில் இடது கண் வலது கண்ணை விடச் சிறுத்திருக்கிறது. நான் கட்டிலில் இருந்து அதை எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது. பக்கத்துக் கட்டில் அண்ணை எட்டிப் பார்த்தார். எங்கள் எல்லாருடைய படிவங்களையும் பற்றி அவருக்குத்தான் எல்லாம் தெரியும் என்று நாங்கள் நம்பியிருந்தோம். "உதை அனுப்பிப்போடாதை. வாய் திறந்திருக்கு. அப்பிடியே திருப்பி அனுப்புவாங்கள், பிறகு முழுக் கேசும் பழுதாப் போகும்" என்றார்.

நான் ஒரு மோட்டாரின் கையேட்டைக் கடைசிப் பக்கம் வரைக்கும் வாசிக்காமல் அதன் மூடியைக் கழற்ற மாட்டேன். ஆனால் அன்றைக்கு, படிவத்தோடு வந்த குறிப்புப் புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பயந்தவன் வாசிக்க மாட்டான், தம்பி. பக்கத்துக் கட்டிலில் இருப்பவன் சொன்னதைத்தான் கேட்பான். அம்மாவுக்குப் போன் எடுத்து, திரும்ப எடு என்றேன். அவள் திரும்பப் போனாள். அந்தத் திறப்புக்கார மனிதரைக் கண்டதுமே நீ சிரித்தாய். திரும்ப எடு என்றேன். ஒரு முறை ஊரடங்கு. ஒரு முறை உனக்குக் காய்ச்சல். ஒரு முறை தபால் தொலைந்தது. ஒவ்வொரு முறையும் பஸ் ஏறி, உனக்குச் சீப்பால் தலை இழுத்து, அதே வெள்ளைச் சட்டையைத் தோய்த்து இஸ்திரிப் பெட்டியால் மினுக்கிப் போட்டு. நீ சிரித்தாய். கடைசியில் ஒரு நாள், போன் அட்டையில் நேரம் முடியப் போகிறது என்று குரல் சொல்லிக்கொண்டிருந்தபோது, "அடிச்சாவது வாயை மூட வை!" என்று கத்தினேன். இணைப்பு அறுந்தது. அடுத்ததாக வந்த படத்தில் வாய் மூடியிருந்தது. முகம் நேர். கண் ஒரு புள்ளியில். இமை கொஞ்சம் வீங்கியிருந்தது. அந்தப் படத்தோடுதான் நீ இந்த நாட்டுக்கு வந்தாய். அதற்கிடையில் ஏழு மாதம் போய்விட்டது.

நீ வந்து இரண்டு மாதத்துக்குப் பிறகு ஒரு நண்பனுக்காக அதே மாதிரிப் படிவம் நிரப்பினேன். அப்போதுதான் அந்தக் குறிப்பை வாசித்தேன். சின்னப் பிள்ளைகளின் முகம் அப்படி நேராக இருக்கத் தேவையில்லை என்று தெளிவாகப் போட்டிருந்தது. முதல் படமே போதுமாயிருந்தது. யாரும் அதைத் திருப்பி அனுப்பவில்லை, நான்தான் அனுப்பவேயில்லை. அந்த ஏழு மாதத்தில் நீ உன் பெயரை எழுதப் பழகினாய், பாலர் பாடசாலைக்குப் போனாய், முதல் முறையாக "அப்பா எப்ப வருவார்" என்று கேட்டாய் என்று அம்மா சொன்னாள். அதெல்லாம் என் கண் முன்னால் நடந்திருக்க வேண்டியது. நண்பனிடம் படிவத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன், சாப்பிட்டேன், ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் படம் எடுக்கும்போதெல்லாம் "வாயை மூடு" என்றேன். பிறந்தநாளுக்கும் அப்படித்தான். நீ அதைக் கற்றுக்கொண்டாய். நான் சொன்னதில் நீ ஒழுங்காகக் கற்றுக்கொண்டது அது ஒன்றைத்தான்.

அந்தச் சிரித்த படம் தொலைந்துபோனது என்றுதான் அம்மா நினைத்திருந்தாள். அது வேலைக்குக் கொண்டுபோகும் என் மீட்டர் பெட்டிக்குள், மூடியின் பின்பக்கம் ஒட்டியிருக்கிறது. எத்தனை இயந்திர அறைகளில் அந்தப் பெட்டியைத் திறந்திருப்பேன். மின்சாரம் அளக்கத்தான் திறக்கிறேன் என்று மற்றவர்கள் நினைப்பார்கள்.

ஸ்டூடியோவுக்குத் திரும்பி வருகிறேன். அக்கா இரண்டு படத்தைத் தெரிவு செய்து தந்தார். ஒன்றில் உதடு மூடி, மரியாதையான ஒரு முகம். மற்றதில் நீ வாய் திறந்து சிரிக்கிறாய். "ரெண்டாவது" என்று நீ ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. என் நாக்குத்தான் முந்தியது. "வாய் திறந்திருக்கு. திருப்பி அனுப்புவாங்கள். முதலாவதை அனுப்பு."

"அப்பா, இது விசா இல்லை."

"நான் சொல்றதைக் கேள். ஒரு வருசம் ஏற்கெனவே போயிட்டுது. ஒரு படத்தால இதையும் பழுதாக்காதை."

நீ என்னைப் பார்த்தாய். "சரி அப்பா" என்றாய். திரும்பவும் காதில் பாட்டை மாட்டிக்கொண்டாய். ரயிலில் உன் பக்கத்தில் இருந்துகொண்டு, இப்போது சொல், இப்போது சொல் என்று ஒவ்வொரு தரிப்பிலும் நினைத்தேன். சட்டன் வந்துவிட்டது. நீ மேலே போய் விண்ணப்பத்தை அனுப்பினாய். நான் உனக்குப் பின்னால் வந்து கதவில் கை வைத்தேன், தட்டவில்லை. அந்தப் படியில் நின்றது போலவே அங்கேயும் நின்றுவிட்டு இறங்கிப் போனேன்.

இடம் கிடைத்தது. நீ கத்திய கத்தில் அம்மா கறியை எரித்தாள். ஓகஸ்ட் மாதம் பல்கலைக்கழகத்திலிருந்து மாணவர் அட்டை வந்தது. நீ கடைக்குப் போயிருந்தாய். கடித உறையை நான் உடைத்தேன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன், பழக்கதோஷம். அட்டையில் நீ பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாய். இடது கண் வலது கண்ணை விடச் சிறுத்திருந்தது. சரி அப்பா என்று சொல்லிவிட்டு உனக்குப் பிடித்ததை அனுப்பியிருக்கிறாய். கதிரையை இழுத்துப்போட்டு இருந்துவிட்டேன். மீட்டர் பெட்டியை எடுத்து வந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நீ என் சொல்லைத் தட்டியதற்காக நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு முறைதான். நீ கடையால் வந்ததும் அட்டையைத் தந்தேன். "வந்திட்டுது" என்று மட்டும் சொன்னேன். நீ என் முகத்தைப் பார்த்துப் பேச்சு வாங்கத் தயாரானாய். நான் கார் கழுவப் போய்விட்டேன்.

விமான நிலையத்தில் நீ போனை நீட்டி, எங்கள் மூன்று பேரையும் சேர்த்துப் பிடித்தாய். "அப்பா, சிரியுங்கோ." சிரிக்கத்தான் முயன்றேன். என் வாய் மூடிக்கொண்டது, கண் ஒரு புள்ளியில் போய் நின்றது. உன்னைப் பழக்கினவன் முதலில் தன்னைத்தான் பழக்கியிருந்தான். நீ படத்தைப் பார்த்தாய். "அப்பா, உங்களை டிபோர்ட் பண்ணப் போறாங்கள்" என்றாய். அம்மா பயந்து என்னைப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவு சனத்துக்கு நடுவில், பல் தெரிய. ஆனால் படம் எடுத்து முடிந்துவிட்டது. நீ பையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனாய். நாங்கள் போக முடியாத பக்கம்.

நேற்று, ஞாயிற்றுக்கிழமை மதியம், இதுவரைக்கும் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்த ஏழு மாதம் வந்த இடத்தில் அவள் கையில் இருந்த கத்தியைக் கீழே வைத்தாள். நான் நிறுத்தினேன். "வாசியுங்கோ" என்றாள். வாசித்தேன். முடிந்ததும் அவள் எழும்பி, வெட்டிய வெங்காயத்தைச் சட்டியில் போட்டாள், அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. "படம் எங்கை?" என்றாள். பெட்டியைக் கொண்டுவந்து திறந்தேன். ஒரு விரலால் உன் சட்டைக் கொலரைத் தடவினாள். "இந்தச் சட்டையை எத்தினை தரம் மினுக்கினனான்" என்றாள். பிறகு என்னைப் பார்க்காமலே, "நான்தான் அடிச்சனான். அதையும் எழுதுங்கோ. எல்லாத்தையும் நீங்கள் மட்டும் தலையில தூக்கி வைக்க ஏலாது" என்றாள். ஆகவே எழுதுகிறேன். அடித்தது அவள் கை. சொன்னது நான். அடித்த அன்றைக்கு அவள் உன்னைத் தூக்கிக்கொண்டு பஸ் தரிப்பு வரைக்கும் அழுதுகொண்டே போனாளாம். நீ அவள் கண்ணைத் துடைத்துவிட்டாயாம். இது எனக்கே நேற்றுத்தான் தெரியும்.

அறிவுரை என்று ஒன்று வைக்காமல் விட்டால் பள்ளிக்கூடத்தார் இந்தக் கடிதத்தைத் திருப்பி அனுப்புவார்களோ தெரியாது. ஒன்று சொல்கிறேன். நாளைக்கு உன் கதிரையில் வந்து படுக்கிறவர்கள் வாயைத் திறக்கப் பயப்படுவார்கள். சிலர் எங்களைப் போல, ஏதோ ஒரு காரணத்துக்காக மூடப் பழகியவர்களாக இருப்பார்கள். கெதியா திற, நேரமில்லை என்று சொல்லாதே. அம்மாவுக்குச் சொன்னது போல நாலு வசனம் கூடச் சொல்லு, உன் பாடப் புத்தகத்தில் இல்லாவிட்டாலும். பிழை விட்டால் அன்றைக்கே சொல்லு. என்னைப் போலப் பதினைந்து வருடம் பெட்டிக்குள் ஒட்டி வைக்காதே.

மூன்று வயதுப் படத்தை உனக்கு அனுப்பச் சொல்லி அம்மா சொல்கிறாள். அது உன்னுடையதுதான். ஆனால் மூடியின் பின்பக்கம் வெறுமையாக இருந்தால் என்னால் வேலை செய்ய ஏலாது. நீ இல்லாத வீட்டில் அது ஒன்றுதான் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. மாற்றிக்கொள்வோம். நீ ஒரு படம் அனுப்பு, நான் அதை ஒட்டிவிட்டுப் பழையதைத் தபாலில் போடுகிறேன். அளவு சொல்ல மாட்டேன். பின்னால் வெள்ளைச் சுவர் வேண்டாம். விளக்கு எந்தப் பக்கம் என்று கேட்காதே, ஆடினாலும் மங்கினாலும் பரவாயில்லை. இதுவரை உன்னை நான் எடுத்த படமெல்லாம் யாரோ கேட்டு எடுத்தவை. இதை ஒரு அலுவலகமும் கேட்கவில்லை. நான் கேட்கிறேன்.

அப்பா